புளியங்கொட்டையில் ஒரு போர்க்களம்

இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லிக் கேட்டதுமே, காளையார்கோவிலில் எங்கள் வரலாறு சார் மண்ணில் பரப்பி வைத்த புளியங்கொட்டைகள் கண்முன் வந்து நின்றன.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பாளையக்காரர் போர் ஒரே பக்கம். சாருக்கு மனசு ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வரிச்சியூர் தாண்டும்போதே பாடம் ஆரம்பம். 1755இல் திருமோகூர்ப் பக்கத்துக் கோயில் சிலைகளை கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கர்னல் ஹெரான் அள்ளிப் போனதையும், நத்தம் கணவாயில் கள்ளர்கள் மடக்கி மீட்டதையும் வடக்கே கைகாட்டியபடி சொன்னார்.

காளையார்கோவிலில் புளியோதரைப் பொட்டலம் காலியானதும் குச்சியால் கோடு கிழித்தார். பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கொட்டை. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, கோட்டையையும் இடித்துவிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, அதே இடத்தில் மறுபடி மண்கோட்டை எழுப்பினார். மார்ச் கடைசியில் ஏறி வந்த கும்பினிப் படை அடிபட்டுத் திரும்பியது. மே 24 வரை கோட்டை விழவில்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் பெரிய போர்.

கோட்டை விழுந்தபின் ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்தவர்கள் சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள். சிறுவயல் பக்கமிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட கும்பினியின் கர்னல் அக்னியூவின் படை ஒரு மாதம் போல முயன்றது. முடியவில்லை. சார் காட்டுக்காக ஒரு கைப்பிடி கொட்டையைக் குவித்து, "இப்ப நீங்க பாக்குற சீமைக்கருவேலம் இல்லடா, அது அசல் காடு" என்றார். அப்புறம் கும்பினி, சிவகங்கைக்கு வேறொருவரை அரசராக்கி மருதிருவரின் ஆட்களைப் பிரித்தது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் வீழ்ந்தது. 24ஆம் தேதி சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள்.

கோயிலுக்கு எதிரே அவர்கள் சமாதி. அங்கே நிற்கும்போதுதான் சின்ன மருதுவின் மகன் துரைசாமியைப் பற்றிச் சொன்னார். 1802இல் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்ட பையன். "பதினஞ்சு வயசு இருக்கும்டா. உங்க வயசுதான்." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

வேலை என்னையும் பினாங்குக்குத்தான் கொண்டுவந்தது. தூத்துக்குடியில் அந்தப் பையனைக் காவலில் வைத்திருந்த வெல்ஷ் என்ற அதிகாரி, பல வருஷம் கழித்து அவரை இங்கே பார்த்திருக்கிறார். உடம்பு தளர்ந்து, அடையாளமே மாறிப் போயிருந்தாராம். வந்த புதிதில், முதல் விடுமுறை நாளில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு எதிரே கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாருக்கு அன்று இரவே கடிதம் எழுதினேன்.