மாருதி 800-க்கு மோட்டார் தேடுன கதை

நம்ம தோப்பு ஆனைமலை பக்கமுங்க. ஆர்சி முடிஞ்சு போன மாருதி 800 ஒன்னு கட்டுத்தரை ஓரமா நின்னுட்டு இருந்துச்சு. எடைக்கு போடறதுக்கு பதிலா பேட்டரி வண்டியா மாத்தி தோப்புக்குள்ளயே உர மூட்டை, தேங்காய், ஆளுங்கன்னு ஏத்தி ஓட்டலாம்னு நானும் மச்சானும் இறங்கிட்டோம். மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன், இது ரோட்டுக்கு இல்லீங்க. ரோட்டுல போகணும்னா, பழைய வண்டிய பேட்டரிக்கு மாத்தற கிட்டுக்கான ஏஐஎஸ் 123ங்கற ஸ்டாண்டர்டு படி டெஸ்ட் ஆகி அப்ரூவல் வாங்குன கிட்டுதான் மாட்டணும், ஆர்சிலயும் மாத்தணும், நாமளே கட்டுன மோட்டார வெச்சுட்டு ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் போக முடியாது.

மோட்டார் தேட ஆரம்பிச்சா ஆளாளுக்கு கிலோவாட் சொல்றாங்க. ஒரு வியாபாரி போன்ல "10 கிலோவாட்ங்ணா, பறக்கும்"ங்கறாரு. தொடர்ந்து ஓடுனா எவ்ளோங்கன்னு கேட்டா ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல, அப்பறம் "3 வருமுங்க"ன்னாரு. அவரு மொதல்ல சொன்ன 10 பீக்கு, அது கொஞ்ச நேரத்துக்குத்தான், அதுக்கு மேல போனா காயில் கருகிரும். அதனால எவன் சொல்றதையும் கேக்காம நம்ம தடத்த வெச்சு கணக்கு போட்டோம். தோப்புக்கு மேக்க ஒரு கரடு இருக்கு, தண்ணி தொட்டி அது மேலதான், சரிவு 15 சதவீதம் பக்கம் வரும். வண்டி, பேட்டரி, ரெண்டு ஆளு, மூட்டை எல்லாம் சேத்து 900 கிலோன்னு வெச்சா மேடு ஏற கிட்டத்தட்ட 1,400 நியூட்டன் இழுவை வேணும். 15 கிலோமீட்டர் வேகத்துல ஏறுனா 6 கிலோவாட். சமமான தடத்துல 30ல போறதுக்கு மண்ணு ரோடுன்னாலும் ரெண்டு ரெண்டரைதான் கேக்குது. இவ்ளோதானான்னு மச்சானுக்கு நம்பிக்கையே வரல.

இதுல பழைய கியர்பாக்ஸ அப்படியே விட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஃபர்ஸ்ட் கியரும் ஃபைனல் டிரைவும் சேந்து சுமாரா 15 மடங்கு குடுக்குது, அப்ப அந்த மேட்டுக்கு மோட்டார்ல 24 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுத்தற பலம், இருந்தா போதும். வீல்லயே மாட்டற ஹப் மோட்டார் வேண்டாம்னு சொன்னதுக்கு காரணமே இதான், அதுக்கு கியர் உதவி கெடையாது, மெதுவா மேடு ஏறுனா கரண்ட குடிச்சு சூடாகும்.

குடோன்ல மூட்டை தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டியோட டிசி சீரிஸ் மோட்டார் ஒன்னும் பாத்தோம். இழுவைல அத அடிச்சுக்க ஆளில்ல, பேட்டரி கரண்ட மோட்டாருக்கு அளந்து விடற கன்ட்ரோலரும் சுலபம். ஆனா கார்பன் பிரஷ் தேயும், லோடு இல்லாம முழு வோல்டேஜ் குடுத்தா வேகம் ஏறிட்டே போய் சிதறிரும், 12 வோல்ட்லதான் சுத்திப் பாக்கணும். நாங்க பாத்தது டிரைவ் மோட்டாரு, ஷாஃப்ட் பக்கம் பேரிங்கே இல்ல, அந்தப் பக்கத்த ஃபோர்க்லிஃப்ட் கியர்பாக்ஸ்தான் தாங்கியிருக்கு. பேரிங் ஹவுசிங் புதுசா செய்யணும், விட்டுட்டோம்.

கடைசில கைக்கு வந்தது தேங்காய் நார் எடுக்கற மஞ்சி மில்லுல காயில் போயி கழட்டிப் போட்டிருந்த 7.5 ஹெச்பி மூணு பேஸ் மோட்டார். நேம் பிளேட்ல 415 வோல்ட், 11 ஆம்ப்ஸ், 1440 ஆர்பிஎம், எஸ்1 ட்யூட்டி, அதாவது நாள் பூரா ஓடுனாலும் தாங்கும். டார்க் 36 நியூட்டன் மீட்டர், நமக்கு மிச்சம். இந்த மாதிரி இண்டக்ஷன் மோட்டார் காருக்கு ஆகுமான்னு கேக்கறவங்களுக்கு, மஹிந்திரா இ2ஓங்கற பேட்டரி கார் 48 வோல்ட்ல அதுலதான் ஓடுச்சு.

எங்க பேட்டரி 72 வோல்ட், அதுலருந்து ஏசி 50 வோல்ட்தான் எடுக்க முடியும். அதனால 50 ஹெர்ட்ஸ்ல 25 வோல்ட்டுக்கு காயில் கட்டி, 100 ஹெர்ட்ஸ்ல 50 வோல்ட் குடுத்து ஓட்டறதுன்னு முடிவு. டார்க் அதேதான், ஆர்பிஎம் ரெட்டிப்பு, அதனால பவரும் ரெட்டிப்பு. கோயமுத்தூர் ரீவைண்டிங் கடைல சொன்னதும் அண்ணன் சிரிச்சாரு, "ஏனுங், 25 வோல்ட்டா? டார்ச் லைட்டுக்குங்களா?" 11 ஆம்ப்ஸ் 180 ஆகுமுங்கன்னு சொன்னதுக்கப்பறந்தான் கண்ணாடிய மாட்டிட்டு பேப்பர் எடுத்தாரு. ஸ்லாட்டுக்குள்ள ரெண்டு மூணு சுத்துதான் வரும், ஆனா ஒரு சுத்துக்கு கம்பிய கத்தையா ஒட்டுக்கா விடணும். கத்தை மடங்குனா எனாமல் உரிஞ்சு ஷார்ட் ஆயிரும்னு அவரே கையால ஒவ்வொரு கம்பியா படிய வெச்சாரு. வார்னிஷ் ஊத்தறதுக்கு முன்னாடி காயிலுக்குள்ள ஒரு டெம்பரேச்சர் சென்சார் பொதைக்கச் சொன்னோம், இத மட்டும் யாரும் விட்டுறாதீங்க, அப்பறம் உள்ள வெக்க முடியாது. நான் இந்த மோட்டார எடுத்ததே நாளைக்கு காயில் போனா கூரியருக்கு காத்திருக்காம அதே கடைல தூக்கி வெச்சறலாம்னுதான்.

லேத்துல 38 எம்எம் ஷாஃப்ட்டுக்கு கப்ளிங், கியர்பாக்ஸுக்கு அடாப்டர் பிளேட், டயல் கேஜ் வெச்சு சென்டர் பாத்தது, இதெல்லாம் தனியா எழுதற அளவுக்கு இருக்கு. பின்னாடி ஃபேன் ஷாஃப்ட்லயே இருக்கறதால மெதுவா போறப்ப காத்து பத்தாது, கழட்டிட்டு தனி புளோயர் மாட்டியாச்சு. ஏசி இண்டக்ஷன் கன்ட்ரோலருக்கு மோட்டார் சுத்தற வேகத்த சொல்ற என்கோடர் பெரும்பாலும் வேணும், காசுலயும் மோட்டார விட கன்ட்ரோலர்தான் பெருசு, அதுக்கு ஒதுக்கி வெச்சுட்டு மோட்டார் பேரம் பேசுங்க.

இப்ப மூட்டையோட கரடு ஏறி எறங்குனா காயில் 85 டிகிரி காட்டுது, எஃப் கிளாஸ் இன்சுலேஷன் 155 வரைக்கும் தாங்கும். இது மழை முடிஞ்ச சமயத்துல பாத்தது, சித்திரை வெயில்ல இன்னும் ஏறும். அதுக்குள்ள புளோயர் குழாய ரேடியேட்டர் இருந்த இடத்துக்கு முன்னாடி கொண்டு வரணும்னு மச்சான் தகரம் வெட்டிட்டு இருக்கான்.