உறுமும் மந்திரம்: ஹுன்சூரிலும் பைலக்குப்பேயிலும்

மைசூரிலிருந்து மடிக்கேரி போகும் சாலையில் முதலில் ஹுன்சூர் வரும், அப்புறம் பெரியபட்ணா, அதையும் தாண்டினால் பைலக்குப்பே. பெரும்பாலானவர்கள் நேராகப் பைலக்குப்பே பொற்கோயிலுக்குப் போகிறார்கள். மூன்று பெரிய பொன் சிலைகளை வணங்கிவிட்டு அப்படியே கூர்க் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். நான் போனது தரிசனத்துக்காகவும் சத்தத்துக்காகவும். ராக் இசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். திபெத்திய லாமாக்கள் ஓதுவதை ஒலிப்பதிவில் முதன்முறை கேட்டபோது, ஆம்ப்ளிஃபையரை முழுதாகத் திறந்து வைத்த பேஸ் கிட்டார்தான் நினைவுக்கு வந்தது. மனிதத் தொண்டையிலிருந்து இப்படி ஒரு சத்தம் எப்படி வரும் என்ற வியப்பு பல வருடங்கள் கூடவே இருந்தது. அதனால் முதலில் ஹுன்சூரில் இறங்கினேன்.

ஊருக்கு வெளியே, குருபுரா பக்கத்துத் திபெத்தியர் குடியிருப்பில் இருக்கிறது கியூமே தாந்திரீக மடாலயம். திபெத்திய பௌத்த குருவான சோங்கபாவின் சீடர் ஷேரப் செங்கே 1433இல் திபெத்தில் நிறுவிய மடத்தின் தொடர்ச்சி இது. 1959க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் தங்கள் பூஜை முறைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். குஹ்யசமாஜர், சக்ரசம்வரர், வஜ்ரபைரவர் ஆகியோர் இங்கே முக்கியமான உபாசனை மூர்த்திகள். வஜ்ரபைரவருக்கு எருமைத் தலை, சுற்றிலும் தீச்சுடர், கபாலங்கள். கபாலம் ஏந்திய பைரவரைக் கும்பிட்டுப் பழகிய எனக்கு இந்த உருவங்கள் அந்நியமாகவே தோன்றவில்லை. மெட்டல் இசைத் தட்டுகளின் அட்டைகளில் மண்டையோடுகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்த மண்டபத்துச் சுவர்களை ஒரு முறை பார்க்க வேண்டும். பயங்கரத்தைக் கண்ணெதிரே நிறுத்தி, அதனாலேயே பயத்தை உடைக்கிற வழி இது.

அனுமதி கேட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தேன். சிவப்பு ஆடையணிந்த பிக்குகள் வரிசை வரிசையாக, எதிரெதிரே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஓதலைத் தொடங்கி வைப்பவரை உம்சே என்கிறார்கள். அவர் குரல் முதலில் தனியாக எழுந்தது. உறுமல் என்று சொல்லலாம், ஆனால் கோபம் துளியும் இல்லாத உறுமல். சில நொடிகளில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு அது காதுக்குக் கேட்டதைவிட நெஞ்செலும்புக்குக் கேட்டதுதான் அதிகம். உட்கார்ந்திருந்த மரப்பலகை அதிர்ந்தது. அந்தத் தாழ்ந்த குரலுக்கு மேலே, எங்கோ உயரத்தில், யாரும் பாடாத ஒரு மெல்லிய சீழ்க்கை மிதந்துகொண்டிருந்தது.

இதன் சூட்சுமம் தொண்டைக்குள் இருக்கிறது. நாம் பேசும்போது அதிர்கிற குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. மருத்துவர்கள் அவற்றைப் போலிக் குரல்நாண்கள் என்பார்கள். சாதாரணமாக அவை பேச்சில் சேர்வதில்லை. இந்தப் பிக்குகள் வருடக்கணக்கான பயிற்சியில் அவற்றையும் அதிரச் செய்கிறார்கள். உண்மையான நாண்கள் இரண்டு முறை அதிரும்போது மேல் மடிப்பு ஒரு முறை அதிர்கிறது. விளைவாக, பாடுகிற சுருதிக்கு ஒரு முழு ஸ்தாயி கீழே புதிதாக ஒரு நாதம் பிறக்கிறது. மெட்டல் பாடகர்களின் உறுமலிலும் இதே மடிப்புகள்தான் வேலை செய்கின்றன.

கிட்டாரிலும் இதையொத்த ஒன்று நடக்கிறது என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. ராக் இசையின் முதுகெலும்பு பவர் கார்ட். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும், நடுவில் காந்தாரம் கிடையாது. ஸட்ஜம் நொடிக்கு 110 அதிர்வு, பஞ்சமம் 165 என்று வையுங்கள். சுத்தமான ஒலியில் வாசித்தால் இரண்டு சுரங்கள் கேட்கும், அவ்வளவுதான். அதையே டிஸ்டார்ஷன் வைத்து, ஒலியைச் சிதைத்து வாசித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 55 அதிர்வும் ஒரு நாதமாக முளைக்கிறது. அது ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. எந்தத் தந்தியும் மீட்டாத சுரம் அது. காந்தாரத்தையும் சேர்த்தால் இந்தச் சிதைவில் எல்லாம் குழம்பிப் போகும், அதனால்தான் ராக் கலைஞர்கள் அதை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மின்சாரத்தால் செய்ததை மற்றவர் சதையால் செய்கிறார். இருவருக்கும் கிடைப்பது ஒரே பரிசு: யாரும் பாடாத, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற ஓர் அடிநாதம்.

சீழ்க்கை போல் கேட்ட மேல்நாதம் தம்புரா பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் புதிதல்ல. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழும், அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். 1964இல் ஹூஸ்டன் ஸ்மித் என்ற அமெரிக்கச் சமய அறிஞர், கியூமேயின் சகோதர மடமான கியூத்தோவின் பிக்குகள் ஓதுவதைக் கேட்டு, ஒரே ஆள் பல சுரங்களைச் சேர்த்துப் பாடுகிறாரே என்று அசந்துபோனார். அந்த ஒலிப்பதிவை ஒலியியல் அறிஞர்கள் ஆராய்ந்து, 1967இல் அவருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் குரலில் தூக்கலாக ஒலித்ததும் அந்தக் காந்தாரம்தான். நான் கியூத்தோ பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம் தம்புராவை நினைத்துக்கொள்வேன்.

பூஜை முடிந்ததும் வயதான பிக்கு ஒருவரிடம் இந்தியில் கேட்டேன், தொண்டை வலிக்காதா என்று. எல்லாருக்கும் இந்தக் குரல் வாய்க்காது, வாய்க்காதவர்கள் சாதாரணக் குரலில் ஓதுவார்கள் என்றார். "மனசுல தெய்வத்தை நிறுத்தாம குரலை மட்டும் பழகினா தொண்டைதான் புண்ணாகும்" என்பது போல ஏதோ சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

ராக் உலகத்துக்கு இந்த ஓசை எப்போதோ எட்டிவிட்டது. 1966இல் பீட்டில்ஸ் குழு ஒரு பாடலைப் பதிவு செய்தபோது, தன் குரல் மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போல ஒலிக்க வேண்டும் என்று கேட்டார் ஜான் லென்னன். ஆர்கனுக்கு வைக்கிற சுழலும் ஒலிபெருக்கி வழியாக அவர் குரலை அனுப்பித் தந்தார்கள். அந்தப் பாட்டு ஏறக்குறைய ஒரே கார்டில் நிற்கும், பின்னால் தம்புரா ஓடும். 1980களின் கடைசியில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட், கியூத்தோ பிக்குகளின் அமெரிக்கப் பயணத்துக்கு உதவி, அவர்கள் ஓதலை இசைத்தட்டாகவும் கொண்டுவந்தார். தாளக்காரர் ஒருவர் இந்த ஓதலிடம் மயங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்து பைலக்குப்பே. அன்றைய மைசூர் அரசு கொடுத்த காட்டு நிலத்தில் 1960களின் தொடக்கத்தில் உருவான குடியிருப்பு. இங்கே நாம்ட்ரோலிங் மடாலயத்தை 1963இல் பெனோர் ரின்போச்சே தொடங்கினார். ஆரம்பத்தில் மூங்கிலால் கட்டிய கோயில்தான். இன்று அதே வளாகத்தில் பொற்கோயில் நிற்கிறது. நடுவில் சாக்கியமுனி புத்தர், இரு பக்கமும் திபெத்தியர்கள் குருவாக வணங்கும் பத்மசம்பவரும், நீண்ட ஆயுளின் புத்தரான அமிதாயுஸும். நிமிர்ந்து பார்க்கக் கழுத்து வலிக்கும் உயரம். விழுந்து வணங்கி எழுந்தபோது, வீடிழந்து வந்த மக்கள் முதலில் கட்டியெழுப்பியவற்றில் ஒன்று கோயில் என்பதை நினைத்துக் கண் கலங்கியது.

இது திபெத்திய பௌத்தத்தின் மிகப் பழைய பிரிவான ஞிங்மா மரபு மடம். ஹுன்சூரின் ஆழ்குரல் இங்கே இல்லை, ஆனால் வாத்தியங்கள் இருக்கின்றன. துங்சென் என்கிற நீள ஊதுகொம்பு, ஒரு ஆளைவிட நீளம், முனையைத் தரையில் ஊன்றி ஊதுகிறார்கள். கியாலிங் நம் நாகஸ்வரத்தின் உறவுக்காரர், அதே போல நாணல் சீவாளி, நாதம் இடையில் அறாமல் ஊதுகிறார்கள். நிற்க வைத்த பெரிய முரசை அரிவாள் போல் வளைந்த கோலால் தட்டுகிறார்கள். தாளங்கள் மெதுவாகத் தொடங்கி, இடைவெளி குறைந்து குறைந்து, கடைசியில் ஒரே நடுக்கமாக ஓடி முடிகின்றன. இந்த இடத்தில் என் உடம்பு ஒரு நல்ல ராக் கச்சேரியில் செய்வதைத் தானாகவே செய்தது: முதுகு நிமிர்ந்தது, மயிர்க்கூச்செறிந்தது, மனதில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. அந்த நிறுத்தத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் ராக் கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. நடுநடுவே சிறுவயதுப் பிக்குகள் பெரிய கெட்டில்களோடு ஓடிவந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார்கள். அதுவும் பூஜையின் ஒரு பகுதிதான்.

ஆனால் இசை என்றால் புத்தருக்கு ஒரு தயக்கம் இருந்தது. பாலி மொழிப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் கீதஸ்ஸர சுத்தம் என்று ஒரு சூத்திரம் உண்டு. தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, நீட்டி இழுத்து ராகமாகப் பாடினால் ஐந்து கேடுகள் என்கிறது அது. பாடுபவர் தன் குரலிலேயே மயங்குவார். கேட்பவர்களும் அதில் மயங்குவார்கள். "நாங்கள் பாடுவது போலத்தானே இவர்களும் பாடுகிறார்கள்" என்று இல்லறத்தார் குறை சொல்வார்கள். குரலை மெருகேற்றப் போய்த் தியானம் கலையும். பின்னால் வருபவர்கள் இதையே பின்பற்றுவார்கள். அதே சமயம் ஒருவித ஏற்ற இறக்கத்தோடு ஓதுவதற்கு, பிக்குகளின் ஒழுக்க நூலான வினயத்தில் அவர் அனுமதியும் கொடுத்திருக்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் ஹுன்சூர் உறுமல் வேறு மாதிரி விளங்குகிறது. மயங்கி விழ அதில் இனிமையான மெட்டு இல்லை. "என்ன குரல் இது!" என்று ஒருவரைத் தனியாகப் பாராட்டவும் வழியில்லை. ராக்கும் இனிமையைத் துறந்த இசைதான், கரகரப்பையே அழகாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே மேடை உண்டு, மேடை நடுவில் ஒருவர் உண்டு, விளக்கு முழுக்க அவர் முகத்தில். ரசிகன் தன்னைக் கரைத்துக்கொள்கிறான், பாடகருக்கு அந்தக் கரைதல் வாய்ப்பது அபூர்வம். எத்தனை பெரிய ராக் கலைஞர்கள் அந்த வெளிச்சத்திலேயே கருகிப் போனார்கள் என்பதை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. பிக்குகள் வரிசையில் வெளிச்சம் யார் மேலும் தனியாக விழுவதில்லை. ஓதி முடித்ததும் கைதட்டல் இல்லை. கிடைத்த புண்ணியம் எல்லா உயிர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று அர்ப்பணித்துவிட்டு எழுந்து போகிறார்கள். மேடையேறும் கலைஞர்கள் யாருக்காவது இந்த அர்ப்பணம் பழக்கமானால் அவர்களைக் காப்பாற்றும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஊதுகொம்பும் முரசும் முழு வீச்சில் கேட்க வேண்டுமென்றால் திபெத்தியப் புத்தாண்டான லோசாரை ஒட்டிப் போங்கள், பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். முகமூடி அணிந்து ஆடும் சாம் நடனத்தையும் பார்க்கலாம். திபெத்திய மாதத்தின் பத்தாம் நாள் பத்மசம்பவருக்கு உரியது, அன்றும் விசேஷ பூஜை உண்டு. மண்டபத்தை வலமாகச் சுற்றுங்கள், காலைச் சன்னிதி பக்கம் நீட்டாதீர்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு நண்பர்களைக் கூட்டிப்போய் அங்கே தங்குவதாக இருந்தால் அவர்களுக்கு அரசின் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். பைலக்குப்பேயோடு திரும்பிவிடாமல் ஹுன்சூருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பூஜை எப்போது என்று முன்பே விசாரித்துக்கொண்டு, உம்சே தொடங்குவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள்.