ஆர்எஸ் காருக்குக் கிளட்ச் மாற்றிய அனுபவம்

கீழக்கரையிலிருந்து சாயல்குடி போகும் ஈசிஆரில், வாலிநோக்கம் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் உப்பு ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை முந்த நாலாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். ஆர்பிஎம் முள் 2500-லிருந்து 3800-க்குத் துள்ளியது. ஸ்பீடாமீட்டர் முள் 80-ஐ விட்டு நகரவில்லை. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கிவிட்டேன். அதற்குள் கிளட்சின் உராயும் பட்டையான லைனிங் கருகிய வாடை வண்டிக்குள் ஏறிவிட்டது.

என்னுடையது 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 5 கியர் மேனுவல். கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க். எனக்கு முன் வைத்திருந்தவர் ரீமேப் செய்திருந்தார், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டியிருந்தார். அவர் கொடுத்த தாளில் டார்க் 290 என்று இருந்தது. கிளட்ச் மட்டும் பழைய அளவுதான், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதனால் காரின் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் காலையில், என்ஜின் சூடாகும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் நல்லா இருக்கு, கியர்பாக்ஸ்தான் போச்சு" என்றார்கள். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்ததுதான் அதற்குக் காரணம். விலை கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நல்லவேளை, சரி என்று சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ராம்நாட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன் கிடைத்தார். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, என்னென்ன பண்ணுதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று முதலில் கேட்டார். ரிவர்ஸில் கரகரப்பு, பெடலை அழுத்தியே வைத்திருந்தால் அது மெல்லக் கீழே இறங்குவது, நெடுஞ்சாலையில் ஸ்லிப் ஆவது என்று மூன்றையும் சொன்னேன். "இது ரெண்டு சீக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரு" என்றார்.

இந்தப் பிரச்சினையை எனக்குப் புரியவைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். ரிவர்ஸ் கரகரப்பதற்குக் காரணம், கிளட்ச் முழுதாக விலகாதது. ஸ்லிப் ஆவதற்குக் காரணம், அது முழுதாகப் பிடிக்காதது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. இந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பா. அதில் அளவு இறங்கியிருந்தது. பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கிக் கிளட்சை விலக்குவது ஸ்லேவ் சிலிண்டர். கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் அதன் ரப்பர் உறையை விலக்கினால் ஆயில் சொட்டியது. உடம்பெல்லாம் துரு. கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இது புதிதில்லை.

ஸ்லேவ் மாற்றி, ஆயில் குழாயிலிருந்த காற்றை எடுத்ததும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கியர்பாக்ஸில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்லேவுக்கு ஆயில் போகும் ஹோஸ் உள்ளே வீங்கி, பெடலை விட்ட பிறகும் அழுத்தம் தங்கினால் அதனாலும் ஸ்லிப் ஆகுமாம். அதனால் ஸ்லேவின் தண்டு முழுதாகப் பின்னுக்கு வருகிறதா என்று அண்ணன் படுத்துப் பார்த்தார். வந்தது. ஆக, ஸ்லிப்புக்குக் காரணம் உள்ளேதான் இருக்க வேண்டும்.

அதை உறுதிசெய்ய வண்டியைத் தேவிபட்டினம் வரை ஓட்டி, என்ஜினும் கிளட்சும் நன்றாகச் சூடான பிறகு சோதித்தார். காலியான சாலையில், நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர். மீண்டும் முள் துள்ளியது. சின்ன கியரில் இது தெரியாது, ஏனென்றால் வண்டி சுலபமாக வேகம் பிடித்துவிடும். பெரிய கியரில்தான் என்ஜினின் மொத்த டார்க்கையும் கிளட்ச் தாங்க வேண்டியிருக்கும். அடுத்து நின்ற இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, நாலாவது கியரில் பெடலை விட்டார். என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் லைனிங்கும் கருகிவிடும்.

கியர்பாக்ஸை இறக்க ஒரு நாள் முழுக்க ஆனது. போல்ட்டுகள் உப்புக்காற்றில் பிடித்துப்போயிருந்தன. துருநீக்கி எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவிட்டுத்தான் கழற்ற முடிந்தது. உள்ளே கிளட்ச் பிளேட்டில் லைனிங் ரிவெட்டைத் தொடும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் லேசாகக் கசிந்து பிளேட்டின் ஒரு ஓரத்தை நனைத்திருந்தது. அது டூயல் மாஸ் வகை, அதாவது நடுவில் ஸ்பிரிங்குகள் வைத்த இரண்டு துண்டு ஃப்ளைவீல். கையால் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. நீலத் தழும்பைப் பார்த்ததும் அண்ணன், "மணல்ல எங்கயாச்சும் சிக்குனீங்களா?" என்றார். அரிச்சல்முனையில், ரோட்டை விட்டு மணலில் இறக்கி அரைமணி நேரம் ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸுமாக மாற்றி மாற்றிப் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைசியில் மீனவர்கள் நாலு பேர் தள்ளித்தான் வண்டி வெளியே வந்தது. மணலில் சிக்கினால் உடனே இறங்கி ஆள் கூப்பிடுங்கள், பாதி கிளட்சில் போராடாதீர்கள்.

இனி எந்தக் கிளட்ச் போடுவது? பழைய அளவையே போட்டால் 290-ஐ எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. நண்பர்கள் செராமிக் லைனிங் போடச் சொன்னார்கள். ரேஸுக்கு அது நல்லது, சூட்டையும் தாங்கும். ஆனால் கடித்தாற்போல் சட்டென்று பிடிக்கும். கீழக்கரைத் தெருக்களில் ஆள் நடக்கும் வேகத்தில் போகவும், பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருதரம் நின்று கிளம்பவும் அது ஒத்துவராது. ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வு, பிளேட்டின் ஆரம். லைனிங்கை முரட்டுத்தனமாக மாற்றாமல் மற்ற இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். இதே கியர்பாக்ஸ் குடும்பத்துக்குப் பலரும் செய்யும் மாற்றம் ஒன்று இருக்கிறது: ஃபோக்ஸ்வாகனின் ஜி60 என்ஜினுக்கான சிங்கிள் மாஸ் (ஒரே துண்டு) ஃப்ளைவீல், அதோடு விஆர்6 என்ஜினுக்கான 228 மில்லிமீட்டர் கிளட்ச். சாதாரண ஆர்கானிக் லைனிங்தான். டூயல் மாஸ் ஃப்ளைவீலுக்குள் இருந்த ஸ்பிரிங்குகள் இனி இருக்காது என்பதால், நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டையே வாங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அதிர்வு மொத்தமும் கியர்பாக்ஸுக்குப் போகும்.

துபாயில் இருக்கும் காக்கா (என் மூத்த சகோதரர்) லீவில் வரும்போது ஃப்ளைவீலைப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்தார். உம்மாவுக்கு வாங்கிய சாமான்களில் பாதியை அதற்காக அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

பூட்டும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. ஃப்ளைவீல் போல்ட்டுகள் இறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை. பழையதைத் திரும்பப் போடவே கூடாது, நீளமும் புது ஃப்ளைவீலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 60 நியூட்டன் மீட்டர் இறுக்கி, மேலே கால் சுற்று. பின்பக்க ஆயில் சீல் தட்டோடு சேர்ந்தே வருகிறது. எண்ணெய் தடவாமல் காய்ந்தபடியே ஏற்ற வேண்டிய வகை அது. பழக்கதோஷத்தில் உதவியாள் பையன் கிரீஸ் டப்பாவை எடுத்தபோது அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். ரிலீஸ் பேரிங்கும் கியர் ஆயிலும் புதிது. பாகம், கூலி எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்தைத் தொட்டது. கியர்பாக்ஸை இன்னொரு தடவை இறக்கும் கூலியை நினைத்தால், திறந்திருக்கும்போதே எல்லாவற்றையும் மாற்றியது சரிதான்.

முதல் 800 கிலோமீட்டர் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கவில்லை. ஊருக்குள்ளேயே நிறுத்தி நிறுத்தி ஓட்டி லைனிங்கைப் படியவிட்டேன். பெடல் முன்பைவிடக் கொஞ்சம் கனம். நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து லேசாகக் கலகலவென்று சத்தம் வருகிறது, பெடலை அழுத்தினால் நின்றுவிடும். சிங்கிள் மாஸ் போட்டால் இதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். சத்தம் பிடிக்காதவர்கள் புது டூயல் மாஸே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மாவை அழைத்துக்கொண்டு பாம்பன் போனேன். புது ரயில் பாலத்தைப் பார்க்க ரோட்டுப் பாலத்தின் மேலேயே வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஏற்றத்தில் முக்கால் மணி நேரம் நின்று நின்று நகர்ந்தோம். வாடை இல்லை, உதறல் இல்லை. மறுநாள் காலை வாலிநோக்கம் விலக்கருகே ரோடு காலியாக இருந்தது. நாலாவது கியர், 2500 ஆர்பிஎம், முழு ஆக்சிலரேட்டர். இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின.

வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவினேன். புது ஸ்லேவின் காற்று எடுக்கும் திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவி ரப்பர் மூடியை மாட்டினேன். மாதம் ஒருமுறை அந்த மூடியைத் திறந்து பார்க்கும்படி அண்ணன் சொல்லியிருக்கிறார்.