போயர் கலப்பு, ஜமுனாபாரி, கருப்பு வங்காளம்: தீவனக் கணக்கு இதுவரை

இந்த மூன்று ஆட்டினங்களின் கிடாக்குட்டிகளையும் பால் மறந்ததும் தனித்தனியாக அடைத்து, ஒரே தீவனம் கொடுத்து வருகிறேன்: வேலிமசால் என்கிற பசுந்தீவனம், கொஞ்சம் சோளத்தட்டை, அளந்த அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்குக் கலவை). ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி.

தீவனத்தை ஈரத்தோடு எடை போட்டால் கணக்கு நிற்காது. இளம் பசுந்தீவனத்தில் 80 சதவீதம் வரை தண்ணீர். 10 கிலோ அறுத்துப் போட்டால் உலர் எடை 2 கிலோதான் தேறும். மிச்சம் இன்னும் சிக்கல். காலையில் போட்டது மாலைக்குள் வாடிவிடும். அந்த எடையை அப்படியே கழித்தால், ஆடு தின்னாததையும் தின்றதாக எழுதிவிடுவோம். அதனால் போடுவதிலும் மிச்சத்திலும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, இனி எடை குறையாது என்கிற வரை காயவைத்துப் பார்க்கிறேன். ஆட்டை நிறுப்பது விடியற்காலையில், தீவனம் தண்ணீர் காட்டுவதற்கு முன். வயிறு நிரம்பிய ஆடு கூடுதல் எடை காட்டும், ஆனால் அது இறைச்சி இல்லை.

எடை ஏறும் வேகத்தில் போயர் கலப்பை மற்ற இரண்டும் நெருங்கவில்லை. போயர் தென்னாப்பிரிக்காவில் இறைச்சிக்கென்றே தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம். நல்ல தீவனத்தில் தூய போயர் குட்டி நாளுக்கு 200 கிராமுக்கு மேல் ஏறும். ஆனால் தொட்டியையும் பார்க்க வேண்டும். போயர் கலப்பு தண்டோடு சேர்த்து அரைத்துவிடுகிறது, உள்ளே போவதும் அதிகம். கருப்பு வங்காளக் குட்டி இலையை மட்டும் உருவித் தின்று, மொட்டைக் குச்சியை விட்டுவைக்கிறது. அதனால் எடை ஏற்றத்தில் தெரியும் வித்தியாசம் தீவன மாற்றுத் திறனில், அதாவது தின்ற தீவனம் எடையாக மாறும் அளவில், அவ்வளவு இல்லை. ஜமுனாபாரி உயரமாகிக்கொண்டே போகிறது. தொடையிலும் முதுகிலும் இன்னும் சதை பிடிக்கவில்லை.

எந்த எடையில் ஒப்பிடுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். கருப்பு வங்காளக் கிடா முழுதாக வளர்ந்தாலே 25–30 கிலோதான். போயர் கிடா 100 கிலோவைத் தாண்டும். 15 கிலோவில் ஒன்று பாதி வளர்ந்த ஆடு, இன்னொன்று இன்னும் குட்டி. வளர்ச்சி முடிய முடியத் தீவனம் கொழுப்பாகிறது, அதுவும் ஆட்டில் பெரும்பாலும் குடலைச் சுற்றிச் சேரும். சதையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் அது மிகக் குறைவு. அதனால் ஒரு கிலோ கொழுப்பு சேரக் கூடுதல் தீவனம் செலவாகும். ஒரே எடையில் நிறுத்தி ஒப்பிட்டால் சின்ன இனம் வீணாகத் தோற்கும். அந்தந்த இனம் முழுதாக வளர்ந்த எடையில் இத்தனை பங்கு என்று வைத்துப் பார்க்கும்போது இடைவெளி நன்றாகச் சுருங்குகிறது. என்னைக் கேட்டால் இதுதான் நியாயமான அளவுகோல்.

அப்புறம், தாய் ஆடு வருஷம் முழுக்கத் தின்பதையும் குட்டிகளின் கணக்கில்தான் எழுத வேண்டும். கருப்பு வங்காளம் இரட்டை, மூன்று என்று சாதாரணமாக ஈனும் இனம். அந்தச் செலவு பல குட்டிகளுக்குப் பிரிந்துபோகும். இனி தாய் ஆடுகளின் தொட்டிகளையும் இதே மாதிரி நிறுக்கத் தொடங்குகிறேன்.