பின்னால் தெரியும் கிணறு

வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் புகைப்படக்காரர் ஜெஃப் சார்ல்ஸின் படங்களைப் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு விடிந்துவிடும். 1909இல் பிறந்து 2002இல் மறைந்தவர். ‘அ கம்ரோ’ என்ற வெல்ஷ் மொழிப் பத்திரிகைக்காக ஊர் ஊராய்த் திரிந்து எடுத்தவர். அவருடைய 120,000 நெகட்டிவ்கள் அந்த நூலகத்தில் இருக்கின்றன.

கார்னெதோக் என்ற முதிய கவிஞரும் மனைவி காட்ரினும் மலைப்பண்ணையை விட்டுப் புறப்படுகிற 1945ஆம் ஆண்டுப் படம்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 1963 பெப்ரவரி 2இல் அபெரிஸ்ட்வித் நகரில், நீதிமன்ற அழைப்பாணை தங்கள் வெல்ஷ் மொழியில் வேண்டும் என்று இளைஞர்கள் பாலத்தை மறித்ததையும் எடுத்திருக்கிறார். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வாசிப்பிக்க ஆள் தேடித் திரிந்த எங்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

என்னைப் பிடித்து வைத்திருப்பவை ட்ரவெரின் பள்ளத்தாக்கில் எடுத்தவை. லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காக அதை நீர்த்தேக்கமாக்க 1957இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. 1965இல் கப்பெல் கெலின் என்ற ஊர் இருந்த இடத்தில் ஏரி இருந்தது. பள்ளிக்கூடம், தபாற்கந்தோர், தேவாலயம் எல்லாம் போய்விட்டன. 1956 நவம்பரில் ஊர்ச்சனம் லிவர்பூல் தெருவில் பதாகை பிடித்து நடந்தார்கள். ஊர்வலத்தைப் படமெடுக்க எந்தக் காலத்திலும் ஆள் வரும். சார்ல்ஸ் ஊருக்குள்ளும் போனார். வகுப்பறைப் பிள்ளைகளை எடுத்தார், பண்ணை வீட்டுச் சனத்தை எடுத்தார். ஒரு ஊர் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தப் படங்கள்தான் என்பேன்.

அதே 1956இல், ஓகஸ்ட் மாதம், தமிழரசுக் கட்சியின் பாதயாத்திரை எங்கள் திருகோணமலைக்கு வந்தது. தலைவர்களின் படங்கள் பார்த்திருக்கிறேன். கூட நடந்து வந்த ஒரு சாதாரண மனிசரின் பெயர் எழுதிய படம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

மத்திய வீதியில் என் ஸ்டூடியோவுக்கு, மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் அக்கா ஒருவர் அல்பம் கொண்டு வந்தார். 2006இல் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடும்போது சீலைக்குள் சுற்றி எடுத்துப் போனது. இடம்பெயர்ந்து இருந்த கிளிவெட்டி முகாமிலும் கூடவே இருந்திருக்கிறது. மகளின் சாமத்திய வீட்டுப் படம் ஒன்றில் விரலை வைத்தார்.

“தம்பி, பிள்ளையை விடுங்கோ. பின்னால தெரியிற கிணத்தைப் பெரிசாக்கித் தாங்கோ.”

ஸ்கேன் செய்து பெருப்பித்தேன். கிணற்றுக் கட்டு, அதில் கவிழ்த்து வைத்த வாளி, கிடுகு வேலி, வேலிக்கு மேலால் பாதி மாமரம். அரசு எடுத்து வைத்திருந்த அந்தக் காணியை 2015க்குப் பின் திருப்பிக் கொடுத்தபோது அங்கே வீடும் இல்லை, மரமும் இல்லை. அக்காவிடம் வீட்டின் வேறு படம் எதுவும் கிடையாது. அவர் வாளியைப் பார்த்து, அது யார் வாங்கித் தந்தது என்று சொல்லத் தொடங்கினார். நான் எழுதி வைத்துக்கொண்டேன். சின்னம்மாவின் பெயர், மூதூர்ச் சந்தை, தைப்பொங்கலுக்கு முதல் கிழமை.

கலியாணம், சாமத்தியம் என்று நாங்கள் எடுத்துத் தள்ளிய படங்களின் ஓரங்களில் சம்பூர் இருக்கிறது, திருக்கடலூர் இருக்கிறது, சுனாமிக்கு முந்திய கரை இருக்கிறது. வேல்ஸில் அதைச் சேர்த்து வைக்க ஒரு தேசிய நூலகம் இருந்தது. இங்கே அலுமாரிக்கு மேல் கிடக்கிற அல்பங்கள்தான் நூலகம்.

ஆகவே கேட்கிறேன்: பழைய அல்பம் இருந்தால் கொண்டு வாருங்கள், ஸ்கேன் செய்து தருகிறேன், காசு வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிய்க்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள். முடிந்தால் படத்தில் நிற்கிறவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். ஞாயிறு பின்னேரம் கடையில் ஆள் குறைவு, ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.