விட்டுப்போன எண்

ஆகஸ்ட் 4
காலையில் ஆபரேஷன் லிஸ்ட் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்துவிட்டேன். அப்பா பெயர் இல்லை.

ஆகஸ்ட் 5
தூக்கம் வரவில்லை, வராண்டாவில் கொசு வேறு. ஸ்கேன் சீட்டின் பின்பக்கம் 293318625600 என்று எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தனக்குக் கீழே இருக்கிற எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் இருந்தால் அது மிகு பகு எண். 12க்கு ஆறு, 60க்குப் பன்னிரண்டு, இதற்கு 5040. ராமானுஜன் 1915 கட்டுரையில் இப்படி 102 எண்களைப் பட்டியல் போட்டார், எல்லாம் கையால். அதில் இந்த ஒன்று மட்டும் விட்டுப்போச்சு. அவருக்கே! எப்படி விட்டிருப்பார் என்று யோசித்தே மணி மூணு ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 6
7ஆல் இரண்டு தடவை மீதியில்லாமல் போகிறது. மூன்றாவது தடவை மீதி 6. லிஸ்ட்டில் இன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7
கேட்டதற்கு, "சார் கிட்ட சொல்லியாச்சுப்பா, வெயிட் பண்ணு" என்றார்கள். எந்த சார்?

அப்பாவுக்கு இன்று கொஞ்சம் தெம்பு. "இன்னாடா எப்பப் பாத்தாலும் வகுத்துக்கினே கீற?" என்றார். சொன்னேன். ராமானுஜன் 1912ல் நம்ம போர்ட் டிரஸ்ட்டில்தான் கணக்குப் பிரிவு கிளார்க் என்றதும் எழுந்து உட்காரப் பார்த்தார். இவர் அதே ஹார்பரில் சரக்கு எண்ணிக் கணக்கு வைக்கிற டாலி கிளார்க். "ஒரு மூட்டை விட்டுப்போச்சுன்னா மொத்தத்தையும் மறுபடி எண்ணணும்டா, ராத்திரி வூட்டுக்கே வர முடியாது." அப்புறம் இருமல். ராயபுரம் பக்கம் மழை, ஜன்னல் சாத்தவே வரவில்லை.

ஆகஸ்ட் 8
1லிருந்து 22 வரை எதால் வகுத்தாலும் மீதி வராது. முதலில் மாட்டுவது 23, மீதி 17. அப்பா பெட் நம்பரும் 23. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லக் கூடாது, ஏற்கனவே காளிகாம்பாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் இதே எண்ணை 23ஆல் பெருக்கிப் பார்த்தால் 6746328388800. அவர் பட்டியலில் கடைசி எண்ணே அதுதான்! காரணிகள் 10080, சரியாக இரண்டு மடங்கு. கடைசி எண் வரைக்கும் போனவர், அதற்குள்ளேயே கிடக்கிற இதை எப்படிப் பார்க்காமல் விட்டார்? மறுபடி அதே கேள்வி. தூங்கணும்.

ஆகஸ்ட் 9
லிஸ்ட்டில் மூணாவது பெயர்.

11.40க்கு உள்ளே கூட்டிப் போனார்கள். கண்ணாடியும் வாட்சும் என் சட்டைப் பையில். அம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. 7, மறுபடி 7, அப்புறம் 11, 13, 17, 19, எல்லாவற்றாலும் வகுத்தாச்சு, சீட்டில் இடமும் தீரப்போகிறது. வருவது 129600. 360ஐ 360ஆல் பெருக்கினால் கிடைப்பது.

மணி 3.10. இன்னும் யாரும் வெளியே வரவில்லை.