13 டப்பாவைக் காணோம்

ஆகஸ்ட் 20, 2025, புதன்

இன்று உலகக் கொசு நாள். 1897-ல் இதே தேதியில் ரொனால்ட் ராஸ் செக்கந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் கேக் வெட்டுவார்களாம். அவர் பார்த்தது மலேரியா பரப்பும் அனோபிலிஸ், நாங்கள் மாரடிப்பது டிங்கி பரப்பும் ஏடிஸ். கேக் தின்ன அதெல்லாம் தடையில்லை.

வாயைத் துடைப்பதற்குள் எங்கள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டர் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டார். ஆகஸ்ட் 29 ஆய்வுச் சுருக்கம். செப்டம்பர் 12 போஸ்டர். 18-ம் தேதி எல்லார் முன்னாலும் நின்று விளக்க வேண்டும். 26-க்குள் அறிக்கை, குறிப்பேடு, செலவுக் கணக்கு, ஆய்வுக்கூடச் சாவி. இடையில் வரும் விடுமுறைகளை எண்ணிப் பார்த்தேன். தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்கள் விடுமுறை. 5-ம் தேதி நபிகள் பிறந்தநாள். 16 மலேசிய தினம், அதற்கு முந்தைய நாளும் இந்த முறை சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரே குஷி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நான் சேர்ந்திருக்கும் மாணவர் திட்டத்தின் பெயர் கோடைக்கால ஆய்வு. பினாங்கில் கோடை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று யாரையாவது கேட்க வேண்டும். குளிர் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நாட்காட்டியிலிருந்து வந்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு இது அக்டோபரில் வகுப்பு தொடங்கும் வரைக்குமான நீண்ட விடுமுறை, அவ்வளவுதான். இங்கே செப்டம்பர் என்றால் மழை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கடைசிச் சுற்று டப்பாக்களை இன்று எடுத்து வந்தோம்.

எங்கள் டப்பாவுக்கு ஓவிட்ராப் என்று பெயர், கொசு முட்டை பிடிக்கும் பொறி. ஒன்றுமில்லை, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. பாதிக்கு மேல் தண்ணீர், அதற்குள் சாய்த்து வைத்த சின்ன ஹார்ட்போர்டு துண்டு, சொரசொரப்பான பக்கம் மேலே. இருட்டும் ஈரமும் கண்டால் ஏடிஸ் கொசு அந்தச் சொரசொரப்பில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை வைக்கும். இடும்போது வெள்ளையாக இருக்கும், சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஐந்து நாள் கழித்துப் போய் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டும். ஒரு முட்டையாவது இருந்தால் அந்த டப்பா பாசிட்டிவ்.

ஜூலை முழுக்க அனுமதிக் கடிதத்துக்கு அலைந்ததிலும், எண்ணப் பழகியதிலும், மழையில் நிரம்பி வழிந்து வீணான ஒரு சுற்றிலும் போனது. ஆகவே கணக்கில் சேர்வது இந்த ஒரு சுற்று மட்டும்தான். ஆயர் ஈத்தாம் பக்கத்து ஃபிளாட் ஒன்றில் 60 டப்பா வைத்தோம்: மூன்றாம் மாடி வரைக்கும் 30, அதற்கு மேலே 30.

கிடைத்தது 47.

மேலே 2 காணோம். கீழே 11 காணோம். லிப்ட் பக்கம், படிக்கட்டு மூலை, பூந்தொட்டிக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடினோம். லேப் அண்ணன் (முனைவர் பட்டத்துக்கு நாலாவது வருஷமாகக் கொசு வளர்க்கிறார்) குப்பைத் தொட்டியையே கவிழ்த்துப் பார்த்தார். நான் அழாத குறை.

"விடு மா, ஃபீல்டு வேலைன்னா அப்படித்தான்," என்றார். அவருடைய முதல் வருஷத்தில் நாய் கவ்விக்கொண்டு போனதாம்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. அம்மா காலையிலேயே கொழுக்கட்டை வைத்துக் கொடுத்தார். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறுவதற்குள் பாதி காலி.

ஆய்வுச் சுருக்கம் 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும். தொடக்க வரி எளிதாக வந்துவிட்டது: இரத்தக்கசிவு டிங்கிக் காய்ச்சல் மலேசியாவில் முதன்முதலில் பதிவானது 1962-ல், இதே பினாங்கில். அதற்கு அடுத்த வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

பாசிட்டிவ் டப்பா மொத்தம் 29. இதை எதால் வகுப்பது? வைத்த 60-ஆல் வகுத்தால் 48.3 விழுக்காடு. கிடைத்த 47-ஆல் வகுத்தால் 61.7. அதே கொசு, அதே முட்டை, கீழே போடும் எண் மாறினால் ஃபிளாட்டின் கதையே மாறுகிறது. ஓவிட்ராப் குறியீட்டுக்கு, அதாவது பாசிட்டிவ் டப்பாக்களின் விழுக்காட்டுக்கு, திரும்பக் கிடைத்தவற்றால்தான் வகுக்க வேண்டும். காணாமல் போன டப்பாவில் முட்டை இருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? இது பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் 47 என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் 13 எங்கே என்று கேட்பார்கள். விழுக்காட்டை மட்டும் போட்டுவிட்டு நழுவலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

டாக்டரிடம் காட்டினேன். விழுக்காட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: "எத்தனைக்கு எத்தனை?"

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரவு 11.47-க்கு அனுப்பினேன். 249 சொல். 29/47 என்று எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஊரே விடுமுறையில் இருக்கிறது. புழுக்களுக்கு விடுமுறை கிடையாது. தண்ணீரில் போட்ட பலகைத் துண்டுகளிலிருந்து வந்தவை இப்போது மூன்றாம், நாலாம் பருவத்தில் இருக்கின்றன. இன்று பார்க்காமல் விட்டால் கூட்டுப்புழுவாகி, இரண்டு நாளில் பறக்கத் தொடங்கிவிடும்.

எந்த ஏடிஸ் இனம் என்று பிரிக்கும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. புழுவின் வயிற்றில் எட்டாவது வளையத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை இருக்கும். ஒவ்வொரு பல்லின் பக்கத்திலும் குட்டி முட்கள் கிளைத்து, சூலம் மாதிரித் தெரிந்தால் ஏஜிப்டி. ஒற்றை முள்ளாக நேரே இருந்தால் ஆல்போபிக்டஸ். முதல் வாரம் எனக்கு எல்லாமே சூலமாகத்தான் தெரிந்தது. இப்போது ஒரு பார்வை போதும். மேல்மாடிகளில் பெரும்பாலும் ஏஜிப்டி. கீழே இரண்டும் கலந்து கிடக்கின்றன. செடிகொடி இருக்கிற இடத்தை ஆல்போபிக்டஸ் விடாது.

காவலாளி மாலை ஆறு மணிக்கு வந்து, வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டார்.

செப்டம்பர் 6, சனி

சீனர்களின் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள், பேய்த் திருவிழா. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மேடை, பாட்டு, ஊதுவத்திப் புகை. முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. அவை பேய்களுக்கு என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். நின்றபடியே கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தேன்.

சாப்பிடும்போது அம்மாவிடம் டப்பாக் கதையைச் சொன்னேன், யாரோ பொறுப்பில்லாமல் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நானா இருந்தாலும் வீசியிருப்பேன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்றேன்.

"நாம பிறையில ஃபிளாட்டுல இருந்தப்போ கீழ்வீடு. சுகாதார ஆபீஸ்காரங்க வந்தா முதல்ல தட்டறது கீழ்வீட்டுக் கதவத்தான். பத்து மாடி ஏறிப் போயி எவன் பார்ப்பான்? வாசல்ல தண்ணி நிக்கிற டப்பா ஒண்ணு இருந்தா சம்மன் யாருக்கு? உனக்கா, எனக்கா?"

நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம், 1975. என் அறிக்கையின் முன்னுரையிலேயே இருக்கிறது. கொசு வளர இடம் கொடுத்தால் சம்மனாக 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், வழக்குக்குப் போனால் 10,000 வரை. இதை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் தண்ணீரும் கொசுப்புழுவும் உள்ள டப்பாவை அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் வைத்தது நாங்கள்தான் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். மலாயிலும் ஆங்கிலத்திலும், எறும்பு எழுத்தில்.

செப்டம்பர் 8, திங்கள்

விடியற்காலை முழுச் சந்திர கிரகணம். போஸ்டரோடு விழித்திருந்ததால் ஒன்றரை மணிக்கு வெளியே போய்ப் பார்த்தேன். மேகம் மறைத்தது. திரும்பி வந்து கணக்கைப் போட்டேன்.

கீழ்மாடிகளில் 19-க்கு 13 பாசிட்டிவ், மேல்மாடிகளில் 28-க்கு 16. வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் ஃபிஷர் சோதனையில் p மதிப்பு 0.5-ஐத் தாண்டிவிட்டது (0.05-க்குக் கீழே வந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள்). அதாவது கீழே கொசு அதிகம் என்று சொல்ல வழியே இல்லை. இரண்டு மாத உழைப்பு, விடை: தெரியவில்லை.

சும்மா இருக்க மாட்டாமல் காணாமல் போனவற்றுக்கும் அதே சோதனையைப் போட்டேன். கீழே 30-க்கு 11, மேலே 30-க்கு 2. இது 0.05-க்கு நன்றாகக் கீழே வந்தது. என் ஆய்வில் உருப்படியாக நிற்கிற ஒரே வித்தியாசம், நான் மறைக்கப் பார்த்த வித்தியாசம்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

அனுப்பியாயிற்று, அச்சடித்தும் ஆயிற்று. ஏ1 அளவு. அடுத்த வாரம் திங்களும் செவ்வாயும் கடை இல்லை என்பதால் பினாங்கிலுள்ள மாணவர்கள் அத்தனை பேரும் இன்றைக்கே அந்தச் சின்னக் கடையில் வந்து நின்ற மாதிரி இருந்தது. வரிசையில் நின்றபடி மூன்று பேர் எழுத்துப்பிழை கண்டுபிடித்தார்கள். மூன்று பேருமே அவரவர் போஸ்டரில். பின்னால் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன்: கோப்பை பிடிஎஃப்பாக மாற்றி எடுத்துப் போங்கள். கடைக்காரரின் கணினியில் என் எழுத்துருவே இல்லை. தலைப்பு பக்கத்தை விட்டு வழிந்தது.

போஸ்டரின் நடுவில் இரண்டு வரைபடம். ஒன்று முட்டைக்கு, மற்றது காணாமல் போன டப்பாவுக்கு. டாக்டர் இரண்டாவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

செப்டம்பர் 18, வியாழன்

பேசி முடித்தாயிற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு போஸ்டர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். புதுச் செருப்பு போட்டுப் போனது பெரிய தப்பு.

நிறையப் பேர் எட்டிப் பார்த்து, கொசுவா என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள். ஒரு வயதான பேராசிரியர் மட்டும் நின்று முழுக்கப் படித்தார். எனக்குக் கை சில்லிட்டது. அவர் கேட்டது: "அந்த 11 வீடுகளில் பேசினீர்களா?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்ல? யாரோ ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். காரணம் என்று நான் சொல்வதெல்லாம் அம்மா சோறு பிசையும்போது சொன்னது. அதைப் போஸ்டரில் போட முடியுமா? "ஊகம்" என்று தலைப்பிட்டு இரண்டு வரி போட்டிருந்தேன். அவர் அந்தச் சொல்லில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா இல்லை என்கிறாரா என்று இப்போது வரை தெரியவில்லை.

பரிசு வேறு ஒருவருக்கு. பலாக்கொட்டை மாவில் ரொட்டி செய்த பெண். ரொட்டியையும் கொண்டு வந்திருந்தாள், கொசுவால் அதோடு போட்டி போட முடியுமா?

செப்டம்பர் 20, சனி

முதல் புரட்டாசிச் சனி. வீட்டில் மரக்கறி. அறிக்கை 14 பக்கம் வந்திருக்கிறது. செலவுக் கணக்கில் ஒரு சிக்கல்: ஜூலை மாத ரசீதுகளில் மை மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. அசல் ரசீது இல்லாமல் காசு வராது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். 38 வெள்ளி போச்சு.

செப்டம்பர் 23, செவ்வாய்

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஃபிளாட்டுக்குப் போனேன். லேப் அண்ணன் மோட்டாரில் இறக்கிவிட்டார். கையில் முடிவை எழுதிய ஒரு பக்கத் தாள். இந்த முறை தமிழிலும் சீனத்திலும்கூட, பெரிய எழுத்தில். சீனத்தைத் தோழி எழுதித் தந்தாள்.

கீழ்மாடிகளில் ஏழு வீட்டில் ஆள் இருந்தது. நாலு பேருக்கு டப்பாவே நினைவில்லை. ஒரு சீனப் பாட்டி, துப்புரவு செய்கிறவர் எடுத்துப் போயிருப்பார் என்றார். ஒரு அக்கா, "நான்தான் கொட்டுனேன், சம்மன் வந்தா நீயா கட்டுவே?" என்று நேராகவே கேட்டார். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் மாடிக் கடைசி வீட்டில் ஒரு தமிழ்ப் பாட்டி. வாசல் மாடத்தில் துளசி, எங்கள் கறுப்பு டப்பாவில். ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஒன்னோடதா? எடுத்துக்கிறியா ஆயி?" என்றார். வேண்டாம் பாட்டி, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தூக்கிக் காட்டினார். அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டிருந்தார். தண்ணீர் தேங்க வழியே இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கடைசி நாள். அறிக்கை காலையிலேயே போய்விட்டது. குறிப்பேட்டையும் கொடுத்தாயிற்று.

பலகைத் துண்டுகளை அப்படியே குப்பையில் போடக் கூடாது. ஏடிஸ் முட்டை காய்ந்தபடி பல மாதம் கிடக்கும், ஒரு மழை நனைத்தால் பொரித்துவிடும். ஆகவே 47 துண்டுகளையும் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அறை முழுக்க நனைந்த அட்டை வாசம்.

பிறகு சாமான் அறை. அங்கே இருக்கும் மலாய் அண்ணனிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் ஒரு படிவத்தை நீட்டினார். பெற்றவை: 60. திருப்பியவை என்ற கட்டத்தில் 47 என்று எழுதினேன். தொலைந்தவை என்ற கட்டத்தில் 12 போட்டு, பக்கத்தில் "துளசி 1" என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். துளசி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரித்தபடியே அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, 12-ஐ 13 ஆக்கினார்.